வழிப்படுத்தியும் அதன் பிணிநாடும் முறையும்

ஒரு கருவி ஒழுங்காகத் தொழிற்படுங் காலத்தில் அதனுள்ளே நிகழ்வது யாது என எவரும் வினாவுவதில்லை. அது நின்றுவிட்ட பின்னரே வினா எழுகின்றது. தையற்பொறிக்கும் நீர்க்குழாய்க்கும் பொதுவான இவ்வுண்மை, இன்று மலையகத்து இல்லங்களிற் புகுந்துள்ள வழிப்படுத்திக்கும் பொருந்துவதாகும். ரவுட்டர் என மக்கள் வழக்கில் வழங்கும் இச்சிறு பெட்டி, வெளியிலிருந்து வரும் இணையத் தொடர்பை வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் வீடு தேடி வரும் வழி இணையமே என்றாயிற்று. கைபேசி அலை கிட்டும் மேட்டைத் தேடி மாணவர் ஏறிச் சென்றமை அக்காலத்தில் மலைநாடு கண்ட காட்சியாகும். அதன் பின்னர் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களை அண்டிய தோட்டங்களிலும் வீட்டுக்கு ஒரு வழிப்படுத்தி வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021ஆம் ஆண்டிலேயாம். அதனைப் பெறுதற்கே பல்லாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. இத்தகைய வருவாயுடைய குடும்பம் ஒன்றுக்குப் புதிய வழிப்படுத்தி என்பது பல நாள் உழைப்பின் விலை. ஆதலின், பழைய கருவி ஒன்றை வாங்கியோ பெற்றோ அதனுட் புதிய நிலைபொருளை ஏற்றிப் பயன்படுத்தும் முயற்சி இளைஞரிடையே காணப்படுவது வியப்பன்று. அம்முயற்சியின்போது கருவி பேசாது போகுமாயின் அது இறந்துவிட்டதெனக் கருதி எறிந்துவிடுவோர் உளர். இறந்ததாகத் தோன்றும் கருவிகளுட் பல உண்மையில் இறந்தவை அல்ல. பிழை எங்கே உள்ளது என ஒழுங்கு முறையாக நாடுவோர்க்கு அவை மீண்டும் கிடைக்கும். அவ்வொழுங்கு முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைபொருளின் வரலாறு

கணினிக்குப் பணிசெயல் முறைமை எவ்வாறோ, வழிப்படுத்திக்கு நிலைபொருள் அவ்வாறு. அது கருவியின் அழியா நினைவகத்தில் எழுதப்பட்டு, மின்சாரம் கிடைத்தவுடன் தானே எழுந்து தொழிற்படும் மென்பொருளாகும். கருவியை ஆக்கிய நிறுவனமே இதனையும் எழுதி உள்ளே வைத்து விற்பது வழக்கம். சில ஆண்டுகள் கழிந்தபின் அந்நிறுவனம் அக்கருவிக்குத் திருத்தங்கள் வழங்குவதை நிறுத்திவிடும். வன்பொருள் நன்னிலையில் இருப்பினும், மென்பொருளிற் காணப்படும் பாதுகாப்புக் குறைகள் அடைபடாமலே எஞ்சும். இக்குறையை நீக்கப் பிறந்ததே திறந்த மூல நிலைபொருள்.

அதன் பிறப்பு வரலாறு சுவையானது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு டிசம்பரில் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் வழிப்படுத்தியை வெளியிட்டது. அதன் நிலைபொருள் லினக்சு என்னும் திறந்த மூல முறைமையின் மீது அமைந்திருந்ததை 2003ஆம் ஆண்டில் ஆர்வலர் கண்டறிந்தனர். லினக்சின் உரிம விதிப்படி, அதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் தம் மூல நிரலையும் வழங்குதல் வேண்டும். அவ்வாண்டிலேயே லிங்க்சிசைச் சிஸ்கோ நிறுவனம் வாங்கியிருந்தது. எழுந்த கோரிக்கைகளின் பயனாக மூல நிரல் வெளியிடப்பட்டது. அந்நிரலை அடியாகக் கொண்டு 2004ஆம் ஆண்டில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம் தோன்றியது. பெயரின் பிற்பகுதி அப்பழைய கருவியின் பெயரே. 2016ஆம் ஆண்டில் அத்திட்டத்தினின்றும் லீட் என்னும் கிளை பிரிந்தது. 2018ஆம் ஆண்டில் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. இன்று பல நிறுவனங்களின் மிகப் பல வகைக் கருவிகளில் இந்நிலைபொருளை ஏற்ற இயலும்.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படுவது யாதெனின், இந்நிலைபொருளில் மறைபொருள் எதுவும் இல்லை என்பதாம். கருவி யாது செய்கின்றது என்பதை எவரும் திறந்து பார்க்கலாம். பிணி நாடுவோனுக்கு இதனினும் பெரிய வசதி வேறில்லை. எனினும், பார்க்கும் உரிமை கிடைத்தவனுக்குப் பார்க்கும் முறையும் தெரிதல் வேண்டும்.

ஏற்றுமுன் அறிய வேண்டுவன

வந்த நோயைத் தீர்ப்பதினும் வாராமற் காத்தல் எளிது. ஒரே மாதிரிப் பெயருடைய வழிப்படுத்தி பல பதிப்புகளாக வெளிவருவதுண்டு. டி.பி.லிங்க் நிறுவனத்தின் டி.எல். டபிள்யூ.ஆர். 841என் என்னும் கருவி ஒரே பெயரிற் பத்துக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. அவற்றின் உள்ளிருக்கும் சில்லுகளும் நினைவக அளவும் ஒன்றல்ல. ஒரு பதிப்புக்குரிய நிலைபொருளை மற்றொன்றில் ஏற்றுதல், ஒருவருக்கு எழுதிய மருந்தை அதே பெயருடைய மற்றொருவருக்குக் கொடுப்பதை ஒக்கும். பதிப்பின் எண் கருவியின் அடிப்பாகத்து ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதனை நோக்காது தொடங்குதல் ஆகாது.

அடுத்து, நிலைபொருட் கோப்புகள் இருவகைப்படுதலையும் அறிதல் வேண்டும். நிறுவனத்தின் நிலைபொருள் உள்ளபோது முதன்முறை ஏற்றுதற்கு உரியது ஒன்று. ஏற்கெனவே திறந்த மூல நிலைபொருள் உள்ளபோது புதிய பதிப்புக்கு உயர்த்துதற்கு உரியது மற்றொன்று. இறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்பதை, அதனுடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட்டு அறியலாம். அலை தளர்ந்த இடங்களிற் கோப்பு இடையில் முறிந்து வருதல் எளிதாதலின், மலைநாட்டார் இதனைப் புறக்கணித்தல் கூடாது. ஏற்றும் வேலையைக் கம்பியில்லாத் தொடர்பின் வழியன்றி வடத்தின் வழியே செய்தல் வேண்டும். அவ்வேளையில் மின்சாரம் நின்றுவிடாதிருத்தலும் இன்றியமையாதது. இடி மின்னல் மிகும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகற்பொழுதைத் தவிர்த்துக் காலைப்பொழுதை இவ்வேலைக்குத் தெரிந்துகொள்ளல் நன்று.

இன்னுமொன்று. சேவை வழங்கும் நிறுவனம் தன் உடைமையாகக் கொடுத்த ஒளியிழை முனையக் கருவியில் எவரும் கைவைத்தல் தகாது. அதனை அவ்வாறே விட்டு, அதன் பின்னால் தமக்குச் சொந்தமான வழிப்படுத்தியை இணைத்தலே முறை. தம் கருவியாயினும், நிலைபொருளை மாற்றியபின் விற்றவர் உத்தரவாதத்தை ஏற்கமாட்டார் என்பதையும் முன்னரே உணர்தல் வேண்டும்.

முதல் அச்சம்

ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஏற்றப்பட்டதும் பலர் கொள்ளும் முதல் அச்சம், கம்பியில்லா வலையமைப்பின் பெயர் கைபேசித் திரையினின்றும் மறைந்துவிட்டது என்பதே. இது பிழையன்று. புதிதாக ஏற்றப்பட்ட நிலைபொருளுக்குக் கடவுச்சொல் எதுவும் இராது. அந்நிலையிற் கம்பியில்லாத் தொடர்பும் திறந்திருக்குமாயின், அண்டையில் உள்ள எவரும் உட்புகலாம். ஆதலின் அது பெரும்பாலான கருவிகளில் அணைக்கப்பட்டே வருகின்றது. கணினியை வடத்தால் இணைத்து, உலாவியில் 192.168.1.1 என்னும் முகவரியை எழுதினால் அமைப்புப் பக்கம் தோன்றும். கடவுச்சொல்லை முதலில் இட்டு, அதன் பின்னரே கம்பியில்லாத் தொடர்பை இயக்குதல் வேண்டும்.

அமைப்புப் பக்கமும் தோன்றாவிடின் வடம் செருகிய துளையை முதலில் நோக்குக. இணையத்தை நோக்கிய துளை ஒன்று, வீட்டை நோக்கிய துளைகள் பல என இவை வேறு வேறானவை. இணையத்தை நோக்கிய துளையிற் கணினியைச் செருகினால், பாதுகாப்பு அரண் அதனை அந்நியனாகக் கருதி வாயிலை அடைத்துவிடும். முறையான பதிப்பு அன்றி ஆய்வுநிலைப் பதிப்பை ஏற்றியவர்க்கு, உலாவியில் தோன்றும் பக்கமே அதில் இல்லை என்பதும் நினைவிருத்தல் வேண்டும். அங்குக் கட்டளை வழியே தொடர்புகொள்ளலாம்.

பிழை இருக்கக்கூடிய மூன்று இடங்கள்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோய் இன்னதெனத் தெளிந்து அதன் காரணத்தையும் கண்டபின்னரே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கின்றது. கருவிக்கும் இஃது ஒக்கும். இணையம் வரவில்லை என்பது நோயின் குறியேயன்றி நோயன்று. கணினிக்கும் வழிப்படுத்திக்கும் இடைப்பட்ட வழியிற் பிழை இருக்கலாம். வழிப்படுத்தியின் உள்ளே இருக்கலாம். வழிப்படுத்திக்கு அப்பால் இருக்கலாம். இம்மூன்றனுள் எதுவென்று அறியாமல் ஒவ்வோர் அமைப்பாக மாற்றிப் பார்ப்பவர், இருந்த ஒரு பிழையை மூன்றாக்கிவிடுவர்.

பிங் என்னும் எளிய கட்டளை இதனைப் பகுத்துக் காட்டும். அது குறித்த முகவரிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா என நோக்குவது. முதலிற் கணினியிலிருந்து 192.168.1.1 என்னும் வழிப்படுத்தியின் முகவரிக்கு அனுப்புக. மறுமொழி இல்லையேல் பிழை வீட்டின் உள்ளேயே உள்ளது: வடமோ துளையோ கணினியின் முகவரியோ தவறியிருக்கும். மறுமொழி வருமாயின், அடுத்து 8.8.8.8 என்னும் வெளியுலக முகவரிக்கு அனுப்புக. இது கூகிள் நிறுவனம் யாவர்க்கும் பொதுவாக நடத்தும் பெயர்ச் சேவையகத்தின் முகவரி. இங்கு மறுமொழி இல்லையேல், வழிப்படுத்திக்கும் சேவை வழங்குவோருக்கும் இடையில் தொடர்பு ஏற்படவில்லை என அறிக. இதற்கும் மறுமொழி வந்து, ஒரு தளத்தின் பெயரை எழுதும்போது மட்டும் வாராதாயின், வழி செவ்வனே உள்ளது. பெயரை முகவரியாக மாற்றும் பகுதியே பழுதுற்றுள்ளது. மூன்று வினாக்களால் மூன்று இடங்களும் பிரிந்துவிடுதல் காண்க.

ஒரே பெயருடைய இரு காரியாலயங்கள்

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை முகவரி மோதலாகும். இதனை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துத் தபால் முறை பெரிதும் உதவும். லயத்து அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், வெளியிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து உரியவரைச் சென்றடைவது மலையகத்தின் நெடுநாள் வழக்கு. வழிப்படுத்தி செய்வதும் அதுவே. வெளியுலகுக்கு அதன் முகவரி ஒன்றே தெரியும். உள்ளிருக்கும் கைபேசிகளுக்கும் கணினிகளுக்கும் அது தானே முகவரிகளை வழங்கி, எக்கடிதம் எவருக்குரியது என்பதைக் குறித்து வைத்துப் பங்கிடுகின்றது.

சேவை நிறுவனத்தின் கருவிக்குப் பின்னால் சொந்த வழிப்படுத்தியை வைக்கும்போது, ஒரு காரியாலயத்துக்குள் மற்றொரு காரியாலயம் அமைகின்றது. நிறுவனத்தின் கருவிகளுட் பலவும் 192.168.1.1 என்னும் முகவரியையே தமக்கு வைத்துக்கொள்கின்றன. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் இயல்பான முகவரியும் அதுவே. இரு காரியாலயங்களும் ஒரே பெயரைப் பூண்டால், வெளியே போக வேண்டிய கடிதம் எது, உள்ளேயே கொடுக்க வேண்டியது எது என அறிய வழியில்லை. வழிப்படுத்தி குழம்பி நிற்கும். இதனாற் புதிய நிலைபொருளே பழுதென்று முடிவு கட்டுவோர் பலர். தீர்வோ மிக எளிது. சொந்த வழிப்படுத்தியின் உள்முகவரியை 192.168.2.1 என்பது போல வேறொன்றாக மாற்றி, கணினியின் வடத்தைக் கழற்றி மீண்டும் செருகினால் தொடர்பு கிட்டும். முகவரியை மாற்றியபின் அமைப்புப் பக்கத்தையும் புதிய முகவரியிலேயே திறத்தல் வேண்டும். பழைய முகவரியிற் தேடிக் காணாமல் அஞ்சுதல் வேண்டா.

கடிகாரமும் பெயரும்

மின்வெட்டு மிகுந்த இடங்களிற் காணும் ஒரு பிழை தனித்துக் கூறத்தக்கது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. வீட்டு வழிப்படுத்திகளுட் பெரும்பாலானவற்றில், மின்சாரம் நின்றபோதும் ஓடும் கடிகாரம் இல்லை. மீண்டும் எழும்போது அவை கடந்துபோன ஒரு நாளையே இன்று எனக் கருதும். பின்னர் இணையத்தில் உள்ள நேரச் சேவையகத்தை வினவித் தம்மைத் திருத்திக்கொள்ளும்.

இயல்பான அமைப்பில் இதனால் இடரில்லை. பெயரை முகவரியாக்கும் வினாக்களையும் மறைகுறியாக்கி அனுப்பும் பொதியை மேலதிகமாக நிறுவியவருக்கே இடர் வரும். மறைகுறித் தொடர்புக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தைச் சரிபார்க்க நேரம் வேண்டும். நேரத்தைப் பெற நேரச் சேவையகத்தின் முகவரி வேண்டும். முகவரியைப் பெறப் பெயர் வினா வேண்டும். இவ்வாறு ஒன்றையொன்று எதிர்பார்த்து யாவும் நின்றுவிடும். மின்சாரம் வந்த பின்னும் இணையம் வாராமையின் காரணம் இங்கு வெளியில் இல்லை. நேரச் சேவையகத்தைப் பெயராலன்றி எண்முகவரியாற் குறித்து வைத்தால் இச்சுழல் அறுபடும்.

சில பக்கங்கள் மட்டும் திறவாமை

சில தளங்கள் விரைந்து திறக்க, வேறு சில பாதியில் நின்றுவிடுமாயின், செய்தித் துண்டின் அளவை ஐயுறுதல் வேண்டும். ஈதர்நெட் வழியிற் செல்லும் துண்டின் கொள்ளளவு 1500 பைட்டு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத் தொடர்பு ஏற்படுத்தும் முறையில், ஒவ்வொரு துண்டின் மீதும் 8 பைட்டு கொண்ட மேலுறை இடப்படுவதால் எஞ்சுவது 1492. இதனை அறியாத மறுமுனை 1500 அளவிலேயே அனுப்புமாயின் பெரிய துண்டுகள் வழியில் வீழ்ந்துபோம். சிறியவை மட்டும் வந்து சேரும். பிங் கட்டளைக்கு மறுமொழி வருவதும், பெரிய பக்கம் வாராமையும் இதனாலேயே. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் பாதுகாப்பு அரண் இதனைத் திருத்தும் வழியை இயல்பாகவே இயக்கி வைத்துள்ளது. அரணின் வலயங்களைத் தாமே புதிதாக அமைத்தவர், அவ்வழியைத் தம் புதிய வலயத்திலும் இயக்க மறந்திருத்தல் கூடும்.

தகரக் கூரையும் வானலையும்

கம்பி வழியே யாவும் செவ்வனே இருந்து, கம்பியில்லாத் தொடர்பு மட்டும் தளருமாயின், மென்பொருளை நோக்குமுன் இடத்தை நோக்குதல் வேண்டும். தகரத்தை வானலை ஊடுருவாது; அதனை மோதித் திரும்பும். தடித்த கற்சுவர் அலையைத் தளர்த்தும். மழையில் நனைந்த தேயிலைச் செடிகளும் நிழல்மரங்களும் அலையை உறிஞ்சுவன. ஆகவே கருவியைக் கூரையோடு ஒட்டி வைக்காமல், திறந்த இடத்தில், பயன்படுத்துவோரின் பார்வைக் கோட்டில் வைத்தல் பயன்தரும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்பனவாம். ஒரே வரிசையிற் பல வீடுகள் அமைந்த லயத்தில், அயல்வீட்டார் பயன்படுத்தும் தடத்தைத் தவிர்த்து மற்றொன்றைத் தெரிதல் வேண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையின் சில தடங்கள் ராடார் நிலையங்களோடு பகிரப்படுவன. அவற்றைத் தெரிந்தால், ராடார் ஒலிக்கின்றதா எனக் கருவி ஒரு நிமிடமோ அதற்கு மேலோ செவிமடுத்த பின்னரே வலையமைப்பின் பெயரை வெளியிடும். பொறுமை இல்லாதவர் அதற்குள் கருவியை அணைத்து இயக்குவர். அது மீண்டும் முதலிலிருந்து செவிமடுக்கத் தொடங்கும். நாட்டின் குறியீட்டை இலங்கை என்றே அமைத்தல் கடமை. வலு மிகும் என எண்ணி வேற்று நாட்டின் குறியீட்டை இடுதல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வகுத்த எல்லையை மீறுவதாக முடியலாம். அன்றியும், வழிப்படுத்தியின் குரலை மட்டும் உயர்த்துவதாற் பயனில்லை. கைபேசியின் மெல்லிய குரலும் அதற்குக் கேட்டாலன்றி உரையாடல் நிகழாது.

நினைவகம் நிரம்புதல்

பழைய கருவிகளுக்கு வரும் மற்றொரு பிணி இடமின்மை. 4 மெகாபைட்டு அழியா நினைவகமும் 32 மெகாபைட்டு இயங்கு நினைவகமும் உடைய கருவிகளுக்கு இன்றைய பதிப்புகள் வெளியிடப்படுவதில்லை. 8 மெகாபைட்டு உடையவற்றிலும், மேலதிகப் பொதிகளை விருப்பம்போல் நிறுவினால் எழுத இடமின்றிப்போம். அப்போது செய்த மாற்றங்கள் பதியாமல், அணைத்து இயக்கியதும் பழைய நிலையே தோன்றும். நிலைபொருளின் அடிப்பகுதி சுருக்கப்பட்டு, எழுத இயலாததாய் இருக்கின்றது. மாற்றங்கள் அதன்மேல் விரித்த மற்றொரு படலத்தில் எழுதப்படுகின்றன. ஆதலின் அடிப்பகுதியில் உள்ளவற்றை நீக்க முயன்றாலும் இடம் கிட்டாது. மேற்படலத்தைத் துடைத்துவிடும் பர்ஸ்ட்பூட் என்னும் கட்டளை, கருவியை ஏற்றிய நாளின் நிலைக்குக் கொண்டுவரும். இவ்வமைப்பே மீட்சிக்கும் துணையாவது.

இறந்ததாகத் தோன்றும் கருவி

குறிவிளக்குகள் எரிந்தும் எதற்கும் மறுமொழி இல்லாத நிலையே யாவரும் அஞ்சுவது. இங்கும் படிமுறை உண்டு. முதலில் மின்வழங்கியை ஆராய்க. 9 வோல்ற்றில் இயங்குவனவும் 12 வோல்ற்றில் இயங்குவனவும் ஒரே வடிவச் செருகியைக் கொண்டிருத்தல் உண்டு. தளர்ந்த மின்வழங்கியால் கருவி எழுவதும் வீழ்வதுமாக இருக்கும். பழி நிலைபொருளின் மேல் விழும்.

அதன் பின்னர் பாதுகாப்பு நிலையை முயலுக. கருவி எழும்போது குறிவிளக்கு விரைந்து சிமிட்டும் சில கணங்களிற் பொத்தானை அழுத்தினால், மேற்படலத்தை விலக்கி அடிப்பகுதியில் மட்டும் அது எழும். கணினிக்கு 192.168.1.2 என்னும் முகவரியைக் கையால் இட்டு, 192.168.1.1 உடன் கட்டளை வழியே தொடர்புகொண்டு, தவறிய அமைப்பைத் திருத்தலாம். அன்றேல் யாவற்றையும் துடைக்கலாம்.

நிலைபொருளே சிதைந்திருப்பின் இவ்வழி உதவாது. எனினும், நிலைபொருளை எழுப்பிவிடும் தொடக்க நிரல் தனியிடத்தில் இருப்பதால் அது பெரும்பாலும் பிழைத்திருக்கும். டி.பி.லிங்க் கருவிகளுட் பல, மீளமைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு இயக்கினால், 192.168.0.66 என்னும் முகவரியுள்ள கணினியிடம் குறித்த பெயருடைய கோப்பைக் கேட்டுப் பெற்றுத் தம்மைத் தாமே மீட்டுக்கொள்வன. ஏனைய கருவிகளுக்குரிய முறைகள் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் கருவிப் பட்டியலில் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. தொடக்க நிரலும் அழிந்தாலன்றிக் கருவி இறந்ததெனக் கூறல் பொருந்தாது. 2024ஆம் ஆண்டில் இத்திட்டத்தார் தாமே வடிவமைத்து வெளியிட்ட ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஒன் என்னும் வழிப்படுத்தி, மீட்புக்கென வேறொரு நினைவகத்தைத் தனியே கொண்டுள்ளது. பிழை நேர்தல் இயல்பு என்பதை முன்னரே ஏற்று, மீளும் வழியையும் உடன்வைத்த வடிவம் அது.

மலைநாட்டுக்கு ஒரு சான்று

இம்முயற்சிகள் ஒரு வீட்டோடு முடிபவை அல்ல என்பதற்குச் சான்று, இமயத்தின் அடிவாரத்தில் உள்ள தரம்சாலா என்னும் ஊர். தேயிலை விளையும் காங்ரா மாவட்டத்தைச் சேர்ந்தது அது. வெளியிடங்களிற் கம்பியில்லாத் தொடர்பைப் பயன்படுத்தல் இந்தியாவில் தளர்த்தப்பட்டதும், 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்குச் சமூக வலையமைப்பு ஒன்று தொடங்கிற்று. விலை குறைந்த வீட்டு வழிப்படுத்திகளில் திறந்த மூல நிலைபொருளை ஏற்றி, ஒன்று மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றுமாறு அமைத்தனர். நேர்ப்பார்வையை மலை மறைக்கும் இடங்களில், ஒரு கோபுரத்திலிருந்து யாவர்க்கும் அலை அனுப்புவதினும் இவ்வாறு சுற்றிச் செல்லும் வலையே பொருந்தியது. ஒரு கணுவில் மின்சாரம் நின்றால் செய்தி வேறு வழியாற் சென்றது. அம்மாத முடிவுக்குள்ளேயே 8 நிலையங்கள் இணைந்தன. பின்னர் 30க்கு மேற்பட்ட கணுக்களும் 2000க்கு மேற்பட்ட கணினிகளும் கொண்டதாக அது வளர்ந்தது. மலையும் மழையும் மின்தடையும் மலையகத்துக்கு மட்டும் உரிய இடர்கள் அல்ல என்பதும், வீட்டுக் கருவிகளாலேயே அவற்றை வெல்லலாம் என்பதும் இதனாற் பெறப்படும்.

முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிணிநாடும் முறை நான்கு விதிகளில் அடங்கும். கீழிருந்து மேலாக நாடுக: மின்சாரம், வடம், முகவரி, வழி, பெயர் என்பது வரிசை. ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றுக; இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என அறிய இயலாது. மாற்றுமுன் இருந்த அமைப்பைப் படியெடுத்து வைக்குக. செய்த ஒவ்வொன்றையும் நாளும் விளைவும் குறித்து எழுதி வைக்குக.

இவற்றுள் நான்காவது விதி மலையகத்திற் தனிச்சிறப்புடையது. பழுது பார்க்கும் வினைஞரை அழைக்க நகரத்துக்குச் சென்று காத்திருக்க வேண்டிய தோட்டத்தில், பாடசாலைக் குறிப்பேடு ஒன்றில் எழுதப்பட்ட இரண்டு பக்கம் அடுத்த லயத்து மாணவனுக்கு ஒரு வினைஞனாக நிற்கும். கருவி பழையதாகி ஒருநாள் உண்மையாகவே இறந்துவிடும். எழுதி வைத்த அறிவு அடுத்த கருவிக்கும் பயன்படும். மூல நிரலைத் திறந்து வைத்தவர்கள் தாம் அறிந்ததைப் பிறரும் அறிய வேண்டும் என்றே அவ்வாறு செய்தனர். தாம் கண்ட தீர்வைத் தமிழில் எழுதி அயலார்க்கு வழங்குதலே, அந்நிரலைப் பெற்றோர் அதற்குச் செய்யக்கூடிய கைம்மாறாகும்.